முதுகுவலியும் சமிதி நெறியும்

(பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழ் படித்தவர் மேடையேறினால் சிந்தாமணியைப் பற்றியோ நாலடியாரைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நான் இன்று முதுகுவலியைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். விழா மேடைக்கு இது தகுந்த பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். அவையில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் எத்தனை பேர் இப்போது நாற்காலியில் சாய்ந்தும் நெளிந்தும் அமர்ந்திருக்கிறீர்கள் என்பதை இங்கிருந்தே பார்க்கிறேன். ஆகவே பொருள் தகுந்ததுதான் என்று துணிகிறேன்.

நம் தலங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆசாரியர் குந்தகுந்தரின் திருவடி பொறித்த பொன்னூர் மலை. நேமிநாதர் ஓங்கி நிற்கும் போளூர்த் திருமலை. அப்பாண்டைநாதர் எழுந்தருளிய திருநறுங்கொண்டைக் குன்று. தெற்கே சித்தன்னவாசல், கழுகுமலை, மதுரையைச் சூழ்ந்த சமணக் குன்றுகள். எல்லை தாண்டினால் ஏறத்தாழ 650 படிகள் ஏறிக் காணவேண்டிய கோமடேசுவரர். வடக்கே சிகர்ஜி, ஏறி, சுற்றி, இறங்க ஏறத்தாழ 27 கிலோமீட்டர். சமதரையில் கோயில் எழுப்பத் தெரியாதவர்கள் அல்லர் நம் முன்னோர். மேல்சித்தாமூரும் திருப்பருத்திக்குன்றமும் அதற்குச் சான்று. எனினும், நம் சமயத்தின் பெரும்பகுதி பாறைமேல்தான் இருக்கிறது. கால் நடந்தால்தான் அங்குக் கண் காணும்.

அந்தக் கால்களை இன்று தடுத்து நிறுத்துவது முதுகு. நம் பக்கத்து வழக்கில் அதனை இடுப்புவலி என்போம், "ஜவ்வு விலகிவிட்டது" என்போம், "தேய்மானம்" என்போம். ஒருமுறை வலி கண்டவர் மலைக்கு வருவதை நிறுத்துகிறார். பிறகு கழனிக்குப் போவதை நிறுத்துகிறார். பிறகு தெருவில் நடப்பதையும் நிறுத்திவிடுகிறார். வலி தீர்ந்த பின்னும் அவர் வீட்டைவிட்டு வெளிவருவதில்லை. இதுவே என் கவலை.

என் சின்னம்மா ஒருவர் இருந்தார். அறுபது வயதுவரை நாற்று நட்டவர். மல்லாட்டைக் கொடி பிடுங்கி நாள் முழுதும் ஆய்ந்தவர். ஒரு கோடையில் இடுப்பில் கடும் வலி வந்தது. பார்த்த மருத்துவர் ஒருவர், "இனிக் குனியக் கூடாது, தூக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார். எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மகன்களும் மருமகள்களும் அன்பு மிகுதியால் அச்சொல்லை அப்படியே காத்தார்கள். தண்ணீர்க் குவளைகூட அவர் கைக்கே வந்தது. நான்கு ஆண்டுகள் திண்ணைக்கும் கட்டிலுக்குமாக வாழ்ந்தார். முதுகுவலி முதல் ஆண்டிலேயே நின்றுவிட்டது. தொடையில் இருந்த வலு மட்டும் திரும்பவில்லை. குளியலறையில் கால் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது; அதன்பின் எழவில்லை. அவரை வீழ்த்தியது முதுகுவலி என்று உறவினர் இன்றும் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

முதுகுவலிக்குப் படுக்கையே மருந்து என்பது பழைய கருத்து. அதனை மருத்துவ உலகம் கைவிட்டு முப்பது ஆண்டுகள் ஆகின்றன. 1995ஆம் ஆண்டு பின்லாந்தில், ஹெல்சிங்கி நகர ஊழியர்களுள் திடீர் முதுகுவலி வந்த 186 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவினரை இரண்டு நாள் படுக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவினருக்கு உடற்பயிற்சி கற்பித்தார்கள். மூன்றாம் பிரிவினரை, வலி இடங்கொடுக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைச் செய்துகொண்டிருக்கச் சொன்னார்கள். மூன்றாம் பிரிவினரே விரைவில் தேறினர். படுக்கச் சொன்னது இரண்டே நாள்தான் என்பதைக் கவனியுங்கள். நாம் இரண்டு மாதம் படுக்க வைக்கிறோம். 2023 இறுதியில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்புவலிக்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. அதில் வலியைப் பற்றிய விளக்கமும் உடற்பயிற்சியும் பரிந்துரைக்கப்பட்டன. நம் வீடுகளில் பலர் இரவும் பகலும் கட்டியிருக்கும் இடுப்புப் பட்டை, எடை கட்டி இழுத்தல் ஆகியவற்றை வழக்கமான மருத்துவமாகக் கொள்ள வேண்டா என்று அந்நிறுவனம் கூறிவிட்டது.

இந்த இடத்தில் நம் நெறிக்கு வருகிறேன். முனிவர்களின் 28 மூலகுணங்களுள் ஐந்து சமிதிகள் இடம்பெறுவதை நீங்கள் அறிவீர்கள். நடத்தல், பேசுதல், உணவு கொள்ளுதல், பொருளை எடுத்து வைத்தல், கழிவு நீக்கல் ஆகிய ஐந்து செயல்களில் உயிர்க்கு ஊறு நேராதபடி கருத்தோடு இருத்தல் சமிதி எனப்படும். மனம், சொல், உடல் ஆகியவற்றின் இயக்கத்தை ஒடுக்குவதற்குக் குப்தி என்று வேறு பெயர் வைத்தார்கள் பெரியோர். இரண்டும் ஒன்றல்ல. சமிதி செயலை விடச் சொல்வதில்லை. செயலைக் காத்துச் செய்யச் சொல்கிறது. முதுகுவலி வந்த நம்மவர்கள் குருவின் ஆணையின்றியே காயகுப்தியை மேற்கொண்டுவிடுகிறார்கள்! அவர்களுக்கு வேண்டியது சமிதி. முனிவர்க்கு உரியதை இல்லறத்தாருக்குச் சொல்லலாமா என்றால், தத்தம் அளவில் கைக்கொள்ளத் தடையில்லை. சமிதி காக்க வேண்டிய உயிர்களுள் நம் உடம்பில் உறையும் உயிரும் ஒன்றுதானே.

முதலில் பாஷா சமிதி. முதுகைப் பற்றிப் பேசும்போது சொற்சமிதி எதற்கு என்று கேட்கலாம். எக்ஸ்ரேயையோ எம்.ஆர்.ஐ. படத்தையோ கையில் வைத்துக்கொண்டு, "முதுகெலும்பு முழுதும் தேய்ந்துவிட்டது, அசைந்தால் நரம்பு அறுந்துவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. கேட்டவர் அன்றிலிருந்து கண்ணாடிக் குடம்போலத் தம்மைத் தாங்கி நடக்கிறார். அமெரிக்க நரம்பியல் கதிரியல் இதழொன்றில் 2015இல் வந்த தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைப் பற்றியது. வலியில்லாத இருபது வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கு வட்டுத் தேய்மானம் தென்பட்டது. எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கு. வட்டுப் பிதுக்கம் இருபதில் 30 விழுக்காடு, எண்பதில் 84 விழுக்காடு. தலைநரை போன்றது அந்தத் தேய்மானம். படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகாது. எனக்கும் நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே வட்டு பிதுங்கியிருப்பதாகப் படம் சொல்கிறது. அந்தப் படத்தைப் பீரோவில் வைத்திருக்கிறேன். அதனை எடுத்து அடிக்கடி படிப்பதில்லை. ஆகவே வீட்டில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், "ஐயோ, அசையாதே" என்று கூவாதீர்கள். "மெல்ல எழுந்து தெருமுனைவரை நடந்து வருவோம்" என்று சொல்லி உடன் செல்லுங்கள்.

இனி ஈர்யா சமிதி, அதாவது நடைக்காப்பு. நான்கு முழத் தொலைவு முன்னே நிலத்தைப் பார்த்து, உயிர்களை மிதிக்காமல் அடியெடுத்து வைத்தல். இதைச் சொல்லும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் கவுந்தியடிகள். சிலப்பதிகாரத்தில் கோவலனையும் கண்ணகியையும் புகாரின் புறத்திலிருந்து மதுரையின் புறஞ்சேரிவரை அழைத்துச் சென்ற சமணத் துறவி அவர். புறப்படும்போதே அவர் வழியின் இடர்களை எடுத்துச் சொல்கிறார். வயல் வழியே போனால் நண்டும் நத்தையும் அறியாமல் காலடியில் சிக்கலாம் என்று அஞ்சுகிறார். பள்ளியிலேயே தங்கிவிடுவோம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. போவது உறுதி, எப்படிப் போவது என்பதே ஆராய்ச்சி. வகுப்பறையில் பல ஆண்டுகள் இப்பகுதியைக் கற்பித்திருக்கிறேன். மாணவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் செய்தி ஒன்று அதில் உண்டு. அம்மூவரும் ஒரு நாளில் ஒரு காவதத்துக்கு மேல் நடக்கவில்லை. இடையிடையே பல நாள் தங்கித் தங்கிச் சென்றார்கள். பின்னர், வேனில் வெப்பத்தைக் கண்ணகியின் மெல்லடி தாங்காது என்று கோவலன் கருதியதால், பகலைத் தவிர்த்து நிலவில் நடந்தார்கள். நடந்து பழகாத ஒருத்தியை நெடுந்தொலைவு அழைத்துச் செல்லும் முறை அதுதான். இன்று இயன்முறை மருத்துவர்கள் முதுகுவலிக்காரருக்குச் சொல்வதும் அதுதான்: அளவை முன்கூட்டியே வரையறுத்துக்கொள், நன்றாயிருக்கும் நாளில் மிகுதியாக நடந்து மறுநாள் படுத்துவிடாதே, வலிக்கும் நாளில் முற்றிலும் நிறுத்திவிடாதே.

இதற்கு அண்மைச் சான்றும் உண்டு. முதுகுவலி வந்து தேறிய 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 2024இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பகுதியினருக்கு நடையைப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சி தந்தார்கள். ஆறு மாதத்தில் வாரம் ஐந்து முறை, முறைக்கு முப்பது நிமிடம் என்பது இலக்கு. மற்றவர்களை அவர்கள் போக்கில் விட்டார்கள். பயிற்சி பெற்றவர்களில் பாதிப் பேருக்கு வலி மீண்டும் தலைகாட்ட 208 நாள் ஆயிற்று. மற்றவர்களில் 112 நாள். நடையால் வலி அறவே வராது என்று இதற்குப் பொருளன்று. இடைவெளி ஏறத்தாழ இருமடங்காகிறது. செலவில்லாத மருந்து ஒன்று இவ்வளவு செய்தால் போதாதா?

எங்கே தொடங்குவது? வலி தணிந்துவரும் ஒருவர் பத்து நிமிடம், அதுவும் இயலாதவர் ஐந்து நிமிடம் நடக்கலாம். நடக்கையில் சிறிது வலிப்பது தவறில்லை. மறுநாள் காலை எப்படியிருக்கிறது என்பதே அளவுகோல். முந்தைய நாளைவிட மோசமாக இருந்தால் பாதியாகக் குறைக்க வேண்டும். அதே நிலையில் இருந்தால் சில நாள் கழித்து இரண்டு நிமிடம் கூட்டலாம். இன்னொரு குறிப்பும் உண்டு. வலி இடுப்பிலிருந்து பிட்டம், தொடை, கெண்டைக்கால் என்று கீழே இறங்கிச் சென்றால் நடையை நிறுத்தி மருத்துவரைக் கேளுங்கள். காலில் இருந்த வலி மேலேறி இடுப்பளவில் சுருங்கினால், இடுப்பில் சற்று மிகுதியாக வலித்தாலும் அது நல்ல குறி.

மலைக்கு வருவோம். எல்லா முதுகுவலியும் ஒரே இயல்புடையதன்று. வட்டுப் பிதுக்கம் உடையவர்களுக்குப் பெரும்பாலும் குனிவதும் நெடுநேரம் உட்காருவதும் ஆகாது. நிமிர்ந்து நடப்பது இதமாயிருக்கும். அறுபதைக் கடந்தவர்களிடம் மற்றொரு வகை மிகுதி. முதுகெலும்பினுள் நரம்பு செல்லும் தடம் குறுகுவதால், சிறிது தூரம் நடந்ததும் கால்கள் கனத்து மரத்துப்போகும். முன்னால் சாய்ந்தாலோ ஒரு நிமிடம் உட்கார்ந்தாலோ உடனே தெளியும். இவர்களுக்கு மலை ஏறுவது எளிது, ஏனெனில் ஏறும்போது உடல் முன்சாய்கிறது. இறங்கும்போது பின்சாய்வதால் துன்பம். "ஏறிவிட்டேன், இறங்கத்தான் முடியவில்லை" என்று நம் பெரியவர்கள் சொல்வதை இளைஞர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். அது உடற்கூற்றின்படி முற்றிலும் உண்மை.

ஆகவே ஏறும்போதே இறங்குவதற்கு உரிய வலுவை மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும். கையில் ஊன்றுகோல் ஒன்றிருந்தால் நன்று. இரண்டிருந்தால் இன்னும் நன்று. அதில் நாணம் வேண்டா. இறங்கும்போது கோலைக் கீழ்ப்படியில் முதலில் ஊன்றி, அதன்பின் காலை வைக்க வேண்டும். படிகளில் நேராக இறங்க முடியாதவர் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் சேர்த்துச் சேர்த்து இறங்கலாம். முப்பது படிக்கு ஒருமுறை உட்காருங்கள். களைத்த பிறகு உட்காருவதைவிடக் களைக்குமுன் உட்காருவது மேல். நாம் மிதியடியைக் கீழே விட்டு வெறுங்காலோடு ஏறுபவர்கள். சித்திரை வெயிலில் பத்து மணிக்குப் பாறை கொதிக்கும். சூடு தாங்காமல் துள்ளித் துள்ளி வைக்கும் அடிகள் ஒவ்வொன்றும் முதுகில் போய் இடிக்கும். நான்கு முழம் நோக்கி நிதானமாக நடக்க வேண்டுமானால் பொழுது விடிந்ததும் ஏறத் தொடங்கி, வெயில் ஏறுமுன் அடிவாரம் வந்துவிட வேண்டும். சிகர்ஜியில் யாத்திரிகர்கள் விடியலுக்கு வெகுமுன்னே புறப்படுவதை அங்குச் சென்றவர்கள் கண்டிருப்பீர்கள். அங்கும் சிரவணபெளகொளவிலும் டோலி உண்டு. டோலியில் போனால் புண்ணியம் குறையுமோ என்று ஓர் அம்மையார் என்னைக் கேட்டார். ஏறும்போது நடந்து, இறங்கும்போது டோலியில் வரலாமே என்றேன். நம்மவர் பெரும்பாலும் இதை மாற்றிச் செய்கிறார்கள்.

நான்காவதான ஆதான நிக்ஷேபண சமிதியைத்தான் நான் மிகவும் வியக்கிறேன். ஒரு பொருளை எடுப்பதற்கும் வைப்பதற்கும் ஒரு தனி நெறி வகுத்த சமயம் நம்முடையது. கமண்டலத்தை எடுக்குமுன் முனிவர் பார்க்கிறார், மயிற்பீலியால் மெல்ல நீவுகிறார், பிறகு எடுக்கிறார். அவர் அவசரமாகக் குனிந்து வெடுக்கென்று எதையும் தூக்குவதில்லை. நம் முதுகுகள் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அந்த வெடுக்கென்ற ஒரு கணத்தில்தான். குடத்தையோ உர மூட்டையையோ தூக்குமுன் அதனருகே செல்லுங்கள், முழங்காலை மடக்குங்கள், பொருளை வயிற்றோடு அணைத்து எழுங்கள், தூக்கியபடி இடுப்பைத் திருக்காமல் கால்களால் திரும்புங்கள். ஒரு கையில் ஒரு பெரிய வாளியைச் சுமப்பதைவிட இரு கைகளில் இரண்டு சிறிய வாளிகள் நல்லவை.

இதில் காலைப் பொழுதுக்கென ஒரு தனி எச்சரிக்கை உண்டு. இரவு முழுதும் படுத்திருக்கையில் முள்ளெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். காலையில் நம் உயரம் மாலையைவிட ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் கூடியிருப்பது அதனால்தான். அந்நேரத்தில் குனிந்தால் வட்டின்மேல் விசை மிகுதி. நாட்பட்ட முதுகுவலி உடையவர்கள் எழுந்த முதல் இரண்டு மணி நேரம் முன்குனிவதைத் தவிர்த்தபோது அவர்களின் வலி குறைந்ததாக 1998இல் ஓர் ஆய்வு கண்டது. நாம் என்ன செய்கிறோம்? எழுந்தவுடன் வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, இடுப்பை வளைத்துக் கோலமிடுகிறோம். பிறகு குளித்து, ஜினாலயத்தில் தரையில் வீழ்ந்து வணங்குகிறோம். கோலத்தை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. வலி உள்ளவர் சிறு முக்காலியில் அமர்ந்து சிறிய கோலம் இடலாம். அல்லது அப்பணியைப் பேத்திக்கு, ஏன், பேரனுக்கும் தரலாம். வணக்கத்தைப் பொறுத்தவரை, முதலில் சிறிது நடந்து, பிறகு ஒரு காலை மடித்து, முழங்கால் ஊன்றி, கையூன்றி இறங்கினால் முதுகு பொறுத்துக்கொள்ளும். அதுவும் இயலாத நாளில் நின்று கைகுவித்தாலே போதும்.

உழவு வேலை செய்பவர்களை மறக்கலாகாது. வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பக்கத்து நம் குடும்பங்கள் இன்றும் மண்ணை விடவில்லை. வேலையை நிறுத்துங்கள் என்று அவர்களிடம் சொல்வது எளிது, யார் கேட்பார்கள்? ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதுதான் கேடு. அரைமணி நேரம் களை எடுத்தால், நிமிர்ந்து இரு கைகளையும் இடுப்பில் வைத்து ஐந்தாறு முறை பின்னே சாயுங்கள். கால் மரத்துப்போகும் வகை வலி உள்ளவர் மட்டும் பின்சாய்வதற்கு மாறாக வரப்பில் சற்று உட்காருங்கள். பிறகு வேறொரு வேலையை, நின்று செய்யும் வேலையைச் சற்று நேரம் செய்யுங்கள். நீண்ட காம்புடைய களைக்கொத்து வைத்துக்கொள்ளுங்கள். மல்லாட்டை ஆயும்போது தரையில் குந்தாமல், சாய்வுள்ள நாற்காலியும் எதிரே ஒரு மேசையும் போட்டுக்கொண்டால் ஊர் சிரிக்கும். ஒரு வாரம் சிரிக்கும், பிறகு ஊரும் போட்டுக்கொள்ளும். குண்டுங்குழியுமான சாலையில் டிவிஎஸ் வண்டியில் பின்னால் ஒருக்களித்து அமர்ந்து கழனிக்குப் போகும் தாய்மார்கள், பாதித் தொலைவை நடந்தே போகலாம் என்பது என் தனிக் கருத்து.

சாமாயிகத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இரண்டு நாழிகை, 48 நிமிடம், அசையாமல் தரையில் அமர்வது முதுகுவலிக்காரருக்குக் கடினந்தான். சம்மணமிட்டு உட்காரும்போது இடுப்பு பின்னே சரிந்து முதுகு கூனும். அதுவே வலியைக் கூட்டுவது. பிட்டத்தின்கீழ் நான்கு விரற்கடை உயரத்துக்குத் துணியை மடித்து வைத்தால் இடுப்பு நிமிரும். இன்னொரு வழியை நம் மரபே தந்திருக்கிறது. காயோத்சர்க்கத்தை நின்றும் செய்யலாம். கொடி படர நின்ற பாகுபலியின் திருவுருவை ஏறிச் சென்று கண்டு வணங்கும் நாம், நின்று தியானிக்கலாம் என்பதை மறந்துவிட்டோம். பாதிப் பொழுது இருந்தும் பாதிப் பொழுது நின்றும் சாமாயிகம் செய்து வருகிறேன். மனம் ஒன்றுவதற்கு அதனால் இடையூறு கண்டதில்லை.

இதனோடு கற்படுக்கைகளைப் பற்றியும் ஒரு சொல். சித்தன்னவாசல் ஏழடிப்பாட்டத்தின் பதினேழு கற்படுக்கைகளைக் காட்டி, "அக்காலத்தில் கல்லில் படுத்தார்கள், முதுகுவலி இல்லை, நாமும் வெறுந்தரையில் படுத்தால் சரியாகும்" என்று சொல்வோர் உண்டு. துறவோர் கல்லில் படுத்தது உடலின்பத்தைத் துறப்பதற்காக, மருத்துவத்துக்காக அன்று. ஸ்பெயினில் முதுகுவலியுடைய 313 பேரிடம் செய்து 2003இல் வெளியான ஆய்வில், மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையே நல்ல பயன் தந்தது. இலவம்பஞ்சு மெத்தை ஒன்று, பள்ளம் விழாமல் இருந்தால், போதுமானது.

உணவைப் பற்றிச் சுருக்கமாக. மரக்கறி உண்ணும் நமக்குச் சுண்ணாம்புச்சத்துக்குப் பாலும் கேழ்வரகும் எள்ளும் உண்டு. வைட்டமின் டி, பி12 இரண்டும் குறைவது நம்மிடையே அரிதன்று. ஒருமுறை இரத்தத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். தசலட்சண நாட்களிலும் பிற உபவாச நாட்களிலும் வெறும் வயிற்றில் வலிநிவாரணி மாத்திரை போடாதீர்கள். இரைப்பை புண்ணாகும், நீரும் அருந்தாமல் போட்டால் சிறுநீரகத்துக்கும் கேடு. மாத்திரையின்றித் தாங்காத வலி என்றால் அன்று உபவாசத்தை விடுத்து ஏகாசனமாக உண்ணுவது பற்றிப் பெரியோரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நட, நட என்று இவ்வளவு சொன்ன நான், நடையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலைகளையும் சொல்லாமல் விடலாகாது. முதுகுவலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலும், சிறுநீர் இறங்காமல் அடைத்துக்கொண்டாலும், தொடைகளின் உட்புறமும் மறைவிடமும் மரத்துப்போனாலும், அன்றே, அந்த மணியிலேயே செல்ல வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் நிலையான ஊனம் நேரலாம். பாதம் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவதும் அப்படிப்பட்டதே. மாலைதோறும் காய்ச்சல், எடை குறைதல், இரவில் படுத்தாலும் தணியாத வலி ஆகியவை இருந்தால் முதுகெலும்புக் காசநோயோ வேறு கொடிய நோயோ இருக்கக்கூடும்; நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் அரிதன்று, மருந்தால் குணமாகக் கூடியது. மூத்த பெண்கள் வழுக்கி விழுந்தபின் வரும் முதுகுவலி எலும்பு நொறுங்கியதன் அடையாளமாக இருக்கலாம். முன்பே புற்றுநோய் கண்டவர்களுக்குப் புதிதாக வரும் முதுகுவலியையும் ஆராயாமல் விடக்கூடாது. இவை எதுவும் இல்லையென்றால், பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் தணியும் இயல்புடையது.

வருகின்ற மாதத்து முதல் ஞாயிறன்று பொன்னூர் மலைக்குச் செல்வதாக நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு அடிவாரத்தில் கூடுகிறோம். அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கே முன்னுரிமை. பத்துப் படி ஏறி அமர்பவரும் வரலாம். பாதி மலை ஏறுபவரும் வரலாம். யாரும் யாரையும் விரைவுபடுத்தமாட்டார்கள். எல்லாருக்கும் கடைசியில் வருபவரின் நடையே நமக்கு நடை. ஊன்றுகோல் இல்லாதவர்களுக்காக இருபது மூங்கிற்கோல்கள் வெட்டி வைத்திருக்கிறோம். பெயரைக் கொடுக்க விரும்புவோர் உணவுக்கூடத்தின் வாயிலில் இருக்கும் இளைஞரிடம் கொடுக்கலாம். இவ்வளவு நேரம் நாற்காலியில் அமர்ந்து கேட்டுவிட்டீர்கள். இனி எழுந்து சற்று நின்றுவிட்டு உணவுக்குச் செல்லுங்கள். ஜெய் ஜினேந்திரா.